ரெஜினா அக்கா வீட்டு ரப்பீஸ்

பொங்கல் நெருங்கிவிட்டால் பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் யார் போன் செய்தாலும் காதில் விழாது. சென்னையில் பாதி மூட்டை கட்டிக்கொண்டு வந்து, தெற்கே போகிற பஸ்ஸுக்காக அங்கேதான் நிற்கும். நான் ஊருக்குப் போக நிற்கவில்லை. போவதற்கு எனக்கு ஊர் என்று எதுவும் மிச்சமில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் என் ஃபிளாட்டுக்குப் போக வழி பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் மூர்த்தி சார் போன் செய்தார். ரெஜினா அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர், அந்தத் தெருச் சங்கத்தின் செயலாளர், சத்தம் போட்டே பேசாதவர். முதலில் ஏதோ பக்குவமாகத்தான் சொல்லியிருப்பார். எனக்குக் கேட்கவில்லை, கேட்கவில்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொன்னதில், கடைசியில் அந்த மனிதர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "ரெஜினா மேடம் செத்துப் போயிட்டாங்கம்மா." பக்கத்தில் பெரிய பையோடு நின்ற ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் தன் பையின் மேல் என்னை உட்கார வைத்தார்.

கூட்டமெல்லாம் தெற்கே போகிற பக்கம்தான். பல்லாவரம் போகும் பஸ் காலியாக வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர்ப்பக்கம் நகராமல் நின்ற வண்டிகளைப் பார்த்தபடியே போனேன். அத்தனை பேருக்கும் போய்ச் சேர ஒரு வீடு இருந்தது. பொழிச்சலூரில் எனக்கென்று இருந்த அக்கா வீடு அன்றைக்குத்தான் இல்லாமல் போனது.

நம் கம்பெனியில் வேலை பார்த்தவர்களுக்கு ரெஜினா அக்காவை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் இரும்பு கேட்டும் ரேக்கும் செய்யும் சின்னக் கம்பெனி எங்களுடையது. அக்காவுக்கு ஸ்டோர்ஸ் பொறுப்பு. நான் முன்னால் ஆபீசில் பில் அடிப்பவள். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், கேட்ட ஆளைப் பொறுத்து வேறு வேறு காரணம் சொல்வார். எனக்குச் சொன்ன காரணம், "அம்மாவைப் பாத்துக்கிட்டே இருந்தேன், திரும்பிப் பாத்தா வயசாயிடுச்சு விஜி" என்பது. அதுதான் உண்மை என்று நினைக்கிறேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் வெல்டிங் ஆட்கள்கூட டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஸ்டோர்ஸுக்கு வந்துவிடுவார்கள். அக்கா கொண்டுவரும் மீன் குழம்புக்கு அப்படி ஒரு கூட்டம். ஒரு ஆளுக்கு வேண்டியதைப் போல ஐந்து மடங்கு கொண்டுவருவார். தனக்குச் சாப்பிட மிஞ்சியதா என்று பார்க்கவே மாட்டார். யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதில்தான் அவர் கண் இருக்கும். லீவில் இருக்கிறவனைக்கூட, ஏன் வரவில்லை என்று அடுத்த நாள் கேட்பார். அப்போது எங்களுக்கு அது வேடிக்கை. ரிட்டயர் ஆன பிறகு அதே சாப்பாட்டு நேரத்துக்கு ஆபீசுக்குப் போன் செய்வார். இன்று என்ன குழம்பு, யார் கொண்டுவந்தது என்று விசாரிப்பார். பின்னால் வெல்டிங் சத்தம் கேட்கட்டும் என்று ரிசீவரை அந்தப் பக்கம் காட்டச் சொல்வார். நான் காட்டுவேன். புது மேனேஜர் ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு என்ன கோளாறு என்று கேட்டார். உங்களுக்குத்தான் கோளாறு என்று சொல்ல வாய்வரை வந்தது. சம்பளத்தை நினைத்து மூடிக்கொண்டேன்.

அம்மா போன பிறகு அக்கா அந்த வீட்டில் தனி ஆள். அப்பா கட்டிய வீடு. தீப்பெட்டி மாதிரி மூன்று அறைகள். சர்வீஸ் முடிந்து கைக்கு வந்ததை வைத்து அவர் செய்த ஒரே காரியம், நடுச்சுவர்களை இடித்து மூன்று அறையையும் ஒரே ஹாலாக ஆக்கியது. அவர்கள் கத்தோலிக்கர்கள். தெருவாரியாகக் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்லும் அன்பியக் கூட்டத்தை, இடம் போதாது என்று இவர் வீட்டில் வைப்பதே இல்லை. பெங்களூரில் இருக்கும் தம்பி குடும்பமும் கிறிஸ்துமஸுக்கு வந்தால் படுக்க இடமில்லை என்று லாட்ஜில் தங்கும். இடம் இருந்தால் எல்லாரும் வருவார்கள் என்பது அக்காவின் கணக்கு. தரைக்கு வெள்ளை டைல்ஸ், மேலே இரண்டு ஃபேன், புதிதாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஃபாதர் வந்து மந்திரித்தார், எல்லாரும் கேக் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான். அன்பியம் அடுத்த மாதம் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. தம்பிக்கு லாட்ஜே வசதியாக இருந்தது. நாற்காலிகள் சுவரோரம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நின்றன.

ஹால் உள்ளே முடிந்தது. இடித்ததெல்லாம் வெளியே கிடந்தது. செங்கல், காரை, உடைந்த தரை ஓடு, பழைய ஜன்னல் திண்டு என்று கேட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரக் குவியல். இடித்த கழிவுக்கு எங்கள் பக்கத்தில் ரப்பீஸ் என்று பெயர். குப்பை வண்டிக்காரன் அதைத் தொடமாட்டான். அதற்கென்று லாரிக்காரர் ஒருவரை மேஸ்திரி கூட்டி வந்தார். எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்று அக்கா கேட்டார். ஏரிக்கரை ஓரமா எங்கயாவது கொட்டிடுவோம்மா, எல்லாரும் அங்கதான் கொட்டறாங்க என்றார் லாரிக்காரர். அக்கா வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். ஏரி பாழாகிறதே என்ற கவலை கொஞ்சம் இருந்திருக்கலாம். என்னிடம் சொன்ன காரணம் வேறு. "எங்கப்பா சுவரு விஜி. போற இடம் தெரியாம எப்படி அனுப்புறது?" பெண்ணைக் கட்டிக் கொடுப்பது மாதிரி பேசுகிறாரே என்று நான் கேலி செய்தேன்.

நம் புறநகரில் ரப்பீஸைத் தூக்கிப் போடுகிறவர்கள் எத்தனை பேரோ, அதைத் தேடுகிறவர்களும் அத்தனை பேர். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாருக்கு மேலேயே புதுத் தார் போட்டு, ரோடு ஏற ஏற வீடுகள் தாழ்ந்துகொண்டே போகின்றன. அதனால் மழைக்கு முன்னால் மனையையும் வாசலையும் மேடாக்க எல்லாருக்கும் ரப்பீஸ் வேண்டும். எத்தனையோ மதில் சுவரில் ‘ரப்பீஸ் தேவை’ என்று எழுதியிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதனால் ஒரு அட்டையில் ‘ரப்பீஸ் இலவசம், நேரில் வரவும்’ என்று எழுதி நானே கேட்டில் கட்டினேன். நேரில் வரவும் என்பது அக்கா சேர்க்கச் சொன்னது.

முதலில் வந்தது கன்னியம்மா. கோவளம் பக்கத்துக் கடலோரக் குப்பத்தில் பிறந்தவள். அனகாபுத்தூர் ஆற்றோரம் வாழ்க்கைப்பட்டு, பொழிச்சலூர் தெருக்களில் மீன் விற்பவள். "இன்னாம்மா, துட்டு வாங்காமயா குடுக்குற? என் வூட்டு வாசல்ல தண்ணி நின்னுகினே கீது" என்று கேட்டிருக்கிறாள். அவளிடம் வண்டி இல்லை. விற்று முடித்த காலி அன்னக்கூடையில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு, மறுநாள் மறுபடியும் வந்தாள். இப்படித் தினமும். கூடையைத் தூக்கிவிட அக்கா வெளியே வருவார். தூக்கிவிடுவதற்கு முன்னால் ஒரு டீ. டீ ஆறும்வரை பேச்சு. தலைக்கு மேலே விமானம் போனால் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்தில் தொடர்வார்கள். கேட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி நிரந்தரமாக வந்து சேர்ந்தது, பிறகு இன்னொன்று.

பிறகு வேறு ஆட்களும் வந்தார்கள். பம்மலில் மாட்டுக்குக் கொட்டகை போட ஒருவர், மாவு மெஷின் வாசலுக்குப் படி வைக்க ஒருவர், ஆட்டோ நிறுத்த இடம் மேடாக்க ஒருவர். வந்தவர்களிடம் அக்கா போட்ட நிபந்தனை ஒன்றுதான். போட்ட இடத்தைத் தனக்குக் காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அக்கா அப்படி ஒவ்வொரு இடமாகப் போய்ப் பார்ப்பார். என்னையும் இழுத்துக்கொண்டு போவார். மாவு மெஷின் படியில் ஏறி நின்று, "இது எங்க சமையல்கட்டு" என்று என்னிடம் சொன்னார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு சொம்பில் மோர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு விருந்துக்குப் போய்வந்தவர் முகம்.

ஒரு நாள் நம் சுகுமார் வந்தான். வெல்டிங் செக்‌ஷனில் இருந்தானே, அவனேதான். தனியாக ஷெட் போட்டிருந்தான். தரைக்கு அடியில் நிரப்ப முழுக் குவியலும் வேண்டும் என்று டெம்போவும் ஆட்களும் கொண்டுவந்துவிட்டான். நான் அன்று அங்கேதான் இருந்தேன். ஆயிற்று, தொல்லை விட்டது என்று எனக்கு நிம்மதி. ஏனென்றால் தெருவில் முணுமுணுப்பு ஆரம்பித்திருந்தது. காற்றடித்தால் மூர்த்தி சார் வீட்டு வராண்டாவெல்லாம் தூசி. அக்கா சுகுமாருக்கு டீ கொடுத்தார், அவன் பெண்டாட்டியை விசாரித்தார், பிறகு முழுசாத் தர முடியாதுப்பா, ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக்கோ என்றார். டெம்போ வாடகையை யார் கொடுப்பது என்று அவன் விழித்தான். கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. இது என்ன அக்கா பைத்தியக்காரத்தனம், ஒரு நடையில் போயிருக்கும், ஊரெல்லாம் திட்டுவதற்கு இதைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களா என்று கத்திவிட்டேன். அக்கா நான் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது போயிடுச்சுன்னா அப்புறம் யாரு வருவா விஜி?"

அவரே தொடர்ந்தார். "ஹால் கட்டினேன், கூப்பிட்டேன். வந்தாங்களா? கூப்பிட்டா வர மாட்டாங்க. தேவைன்னா வருவாங்க. இதுல இன்னும் கொஞ்சம் இருக்கு இல்ல, இருக்கட்டும்" என்றார். அழுகை ஒன்றும் இல்லை. ஸ்டோர்ஸில் இரும்புப் பட்டை எவ்வளவு இருப்பு இருக்கிறது என்று சொல்வாரே, அதே குரல். அன்றிலிருந்து அந்தக் குவியலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குத் தம்பி பெங்களூருக்கு வரச் சொன்னார். அக்கா போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தார். அதற்குள் தெருக்காரர்கள் ஒன்று கூடி, பாவம், தனி ஆள், பண்டிகை நேரம், அந்தம்மாவுக்கு நாம் ஒரு உதவி செய்வோம் என்று பணம் போட்டு லாரி பிடித்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகச் செய்துவிட்டார்கள். கூட்டிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, மூர்த்தி சார் மனைவி கேட்டுக்கு முன்னால் ஒரு கோலமும் போட்டு, நடுவில் ஹேப்பி கிறிஸ்துமஸ் என்றும் எழுதிவிட்டார். அவர்கள் மேல் எனக்கு இன்றுவரை வருத்தம் இல்லை. நல்ல மனிதர்கள். அக்கா ஆட்டோவில் வந்து இறங்கியபோது எல்லாரும் சிரித்த முகத்தோடு வாசலில் நின்றார்களாம். அக்கா ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி, பெங்களூரிலிருந்து கொண்டுவந்த பிளம் கேக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார். நான் சாயங்காலம் போனபோது ஹாலில் லைட் போடாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே இருந்த நாற்காலிகள் உள்ளே வந்திருந்தன. எங்கே கொட்டினாங்கன்னு கேட்டேன் விஜி, அவங்களுக்கே தெரியல என்றார்.

அதற்குப் பிறகு சில மாதம் நான் போகவில்லை. மகளுக்குப் பிரசவம், புனேவுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து ஒரு நாள் மத்தியானம் போனால், வீட்டுக்குப் பின்பக்கம் டொக் டொக் என்று சத்தம். போய்ப் பார்த்தேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுத்தியலும் உளியுமாக அக்கா பழைய தண்ணீர்த் தொட்டியை உடைத்துக்கொண்டிருந்தார். துவைக்கிற கல் மேடையை ஏற்கெனவே காணோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இந்த வயசில் கையைக் காலை உடைத்துக்கொண்டால் யார் பார்ப்பது என்று அதட்டினேன். தொட்டி எதுக்கு விஜி, பைப்லதான் தண்ணி வருதே என்றார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குவியல், தெருவில் யாரும் குறை சொல்ல முடியாதபடி மேலே கோணி போட்டு மூடியிருந்தது. வெளியே நாற்காலி இரண்டும் இருந்தன. அட்டை இல்லை. அதற்குள் கன்னியம்மா தவிர வேறு யாரும் வருவதில்லை. அவளுக்கு அட்டை தேவையில்லை. இதையும் உடைச்சிட்டா அப்புறம் என்ன செய்வீங்க என்று கேட்டேன். அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் முழுவதையும் ஒரு பார்வை பார்த்தார். "காம்பவுண்டு சுவரு இருக்கு. எனக்குப் போதும்."

போதுமானதாகத்தான் இருந்தது. அடுத்த பொங்கல் நெருக்கத்தில் மூர்த்தி சார் போன் செய்த அன்று நான் இருட்டில் போய்ச் சேர்ந்தபோது பின்சுவரில் பாதிக்கு மேல் மிச்சம் நின்றது. வழக்கமான நேரத்துக்கு வந்த கன்னியம்மா, அக்கா வெளியே வராததைப் பார்த்துக் கேட்டைத் தட்டியிருக்கிறாள். பிறகு அந்த இடிந்த பின்சுவர் வழியாகவே உள்ளே போய்ப் பார்த்து, மூர்த்தி சாரைக் கூப்பிட்டிருக்கிறாள். தூக்கத்திலேயே போயிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். தினமும் ஒரு ஆள் வந்ததால் அன்றைக்கே தெரிந்தது.

மறுநாள் அடக்கம். பெங்களூரிலிருந்து தம்பி குடும்பம், அன்பியக் குடும்பங்கள், தெருக்காரர்கள், சுகுமார், நம் கம்பெனியிலிருந்து உங்களில் சிலர். அடுக்கி வைத்த நாற்காலிகளை எல்லாம் எடுத்துப் போட்டும் பற்றவில்லை, பலர் நின்றார்கள். அந்த ஹால் நிறைந்ததை நான் பார்த்தது அன்றுதான். நடுவில் பெட்டியில் அக்கா இருந்தார். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கன்னியம்மா அந்தச் சின்னக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னேன்; மறுத்துவிட்டாள். நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச ஒன்றும் இல்லாமல், இனிமேல் கல்லுக்கு என்ன செய்வீங்க என்று கேட்டுவைத்தேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா கல்லு? என் வூட்டு வாசலு எப்பவோ மேடாயிட்ச்சி. அதுக்கு மேல போட்டா பக்கத்து வூட்டுக்காரி சண்டைக்கு வரா."

அப்புறம் ஏன் தினமும் எடுத்துக்கிட்டுப் போனீங்க என்று கேட்டேன்.

"ஒன்னியும் வோணாம்னு வந்தா அந்தம்மா நம்பாதும்மா. எனக்காவ வரியான்னு கூச்சப்பட்டுக்கும். கல்லு கீதான்னு கேட்டாத்தான் அதுக்கு மொகம் தெளியும். டீ போடும், பேசிகினு இருக்கும். அதான் எட்துகினு போவேன். போற வழியில ரோட்டுல எங்க பள்ளம் கீதோ அங்க கொட்டிட்டுப் பூடுவேன். கை வலிக்க வலிக்க ஒடைச்சி வெக்கிது, வோணாம்னு எப்டிச் சொல்றது?"

எனக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. அக்காவுக்கு இது தெரியாமலே போய்விட்டது. தேவை இருப்பவர்கள்தான் வருவார்கள் என்று நினைத்துத் தன் வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துக் கொடுத்தவரைத் தேடி, ஒரு தேவையும் இல்லாமல் ஒருத்தி தினமும் வந்துகொண்டிருந்தாள். உள்ளே போய் அந்தக் காதில் சொல்லிவிடலாமா என்றுகூட இருந்தது. அதற்குள் ஜெபம் ஆரம்பித்துவிட்டது.

வீட்டை ஒரு பில்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஃபிளாட் வரப்போகிறது. அக்காவை அறிந்தவர்கள் எல்லாரும் அவர் மீன் குழம்பைத்தான் சொல்கிறீர்கள், சரிதான், சொல்லுங்கள். தேவைன்னா வருவாங்க என்று அவர் சொன்ன அந்த வார்த்தையை மட்டும் நான் வைத்துக்கொள்ளப் போவதில்லை. அது அவர் தனிமை சொல்லவைத்த வார்த்தை, உண்மை இல்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது கன்னியம்மாவைத்தான்.

வாரத்துக்கு ஒரு தடவை பல்லாவரம் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பொழிச்சலூர் போகிறேன். அவள் வரும் நேரத்துக்கு அந்தத் தெரு முனையில் நின்று மீன் வாங்குகிறேன். முதல் தடவை, உங்க பக்கம் மீனு கெடைக்காதா என்று கேட்டாள். நல்ல மீனாகக் கிடைப்பதில்லை என்றேன். எங்கள் ஃபிளாட் வாசலுக்கே காலையில் மீன் வண்டி வருகிறது. கன்னியம்மா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் பக்கத்தில் என்னை உட்காரச் சொன்னாள்.